சித்தீக் பாய்க்கு நெல் ஆகாது

"மோந்து பாரு. பாத்ததும் வாயத் தொறக்காத. கொஞ்சம் யோசி. யோசிச்சுட்டு அப்பறமா சொல்லு."

ஜன்னலுக்கு உள்ளே சித்தீக் பாய். வெளியே, வாசல்படிக்குக் கீழே, கையில் ஒரு பிடி நெல்லோடு செவ்வந்தி. நடுவில் சாத்திய கண்ணாடி. குரல் கண்ணாடியைத் தாண்ட வேண்டும் என்பதால் இருவரும் கத்துகிறார்கள். பாபநாசத்தில் எங்கள் தெருவில் அறுவடை மாதங்களில் யாரும் அலாரம் வைப்பதில்லை.

செவ்வந்தி மோந்தார். யோசித்தார். "நெல்லு வாசம்தான் வருது பாய்."

"நெல்லுல நெல்லு வாசம் வராம ஜவ்வாது வாசமா வரும்? உனக்கு மூக்கு எதுக்கு இருக்கு, மூக்குத்தி மாட்டவா?"

"ரெண்டுக்கும்தான்."

"ஊறவெச்ச பருப்பு வாசமா? மழைல நனைஞ்ச சாக்கு வாசமா? பூட்டியே கெடந்த பீரோவத் தொறந்தா ஒண்ணு வருமே, அதுவா?"

"எங்க வீட்ல பீரோ இல்ல பாய்."

"டிரங்குப் பொட்டி இருக்குல்ல? அந்த வாசமா?"

"பொட்டில பாச்சா உருண்டை போட்டிருக்கேன்."

சித்தீக் பாய் இரண்டு கைகளாலும் தலையைப் பிடித்துக்கொண்டார். பிறகு எதிர் வீட்டு வாசலில் நின்ற என்னைப் பார்த்தார். அந்தப் பார்வை எனக்குப் பழக்கம். செவ்வந்தியின் கையில் இருப்பதை இப்போது நான் போய் மோந்து பார்க்க வேண்டும்.

இந்த மனிதருக்கு ஐம்பத்து நான்கு வயது. நெல் வியாபாரி, சொந்தமாக வாங்கி விற்றதைவிட, விளைவித்தவருக்கும் அரிசி ஆலைக்கும் நடுவில் நின்று பேசி முடித்தது அதிகம். அவருடைய முதலீடு மூக்கு. குவியலின் பக்கவாட்டில் முழங்கை வரை கையைச் செலுத்தி, சற்று நேரம் அப்படியே வைத்திருப்பார். உள்வயிற்றிலிருந்து ஒரு பிடி எடுப்பார். பதரை ஊதித் தள்ளுவார். கண்ணை மூடிக்கொண்டு மூச்சை இழுப்பார். கடைசியாக ஒரு நெல்லைக் கடைவாயில் வைத்து உடைத்து, அந்தச் சத்தத்தைக் கேட்பார். "மூடியே வெச்சிருந்தீங்க. நேத்துத்தான் தொறந்து காய வெச்சீங்க" என்பார். எதிரில் நிற்பவர் மறுக்க மாட்டார். விற்பவரிடமும் வாங்குபவரிடமும் ஒரே பதிலைச் சொன்னதால் இரண்டு தரப்பிலும் அவருக்கு விரோதிகள் உண்டு. ஆனால் இரண்டு தரப்பும் அவரைத்தான் கூப்பிட்டன.

அந்த மூச்சை இன்று அவர் இழுத்தால் செத்துப்போகலாம். மருத்துவர் இவ்வளவு பச்சையாகச் சொல்லவில்லை. அவருடைய தங்கை நுஸைபா சொல்கிறார், தினமும்.

விஷயம் இதுதான். மூன்று வருடங்களுக்கு முன் சித்தீக் பாய்க்கு ரத்தப் புற்றுநோய் வந்தது. சென்னையில் ஒரு பெரிய ஆஸ்பத்திரியில் அவருடைய எலும்பு மஜ்ஜையை மருந்தால் அழித்துவிட்டு, நுஸைபாவின் ரத்தத்திலிருந்து பிரித்தெடுத்த ஸ்டெம் செல்களை ஏற்றினார்கள். விதை நெல்லைப் போல அவை எலும்புக்குள் போய் இறங்கிப் புது ரத்தத்தை முளைக்க வைத்தன. புற்றுநோய் போய்விட்டது. ஆனால் தங்கையிடமிருந்து வந்த ரத்தம் அண்ணனின் உடம்பை அந்நிய இடமாக நினைத்து அவ்வப்போது சண்டை பிடிக்கிறது. தோல் கறுத்து உரிகிறது. அந்தச் சண்டையை அடக்க மாத்திரை. மாத்திரை சண்டையை மட்டும் அடக்காமல் நோய் எதிர்ப்புச் சக்தியையும் சேர்த்து அடக்குகிறது. நீங்களும் நானும் தும்மித் தள்ளிவிடுகிற பூஞ்சைத் தூசி, அவருடைய நுரையீரலில் போய் உட்கார்ந்தால் வேர் விடும். ஏற்கெனவே ஒருமுறை விட்டது.

அது எப்படி விட்டது என்பதைச் சொல்ல வேண்டும். எங்கள் ஊர்க்காரர்கள் தவிர வேறு யாரும் அந்தத் தவற்றைச் செய்திருக்க முடியாது.

சென்னையிலிருந்து அவரை அழைத்து வந்தபோது மருத்துவர்கள் சொல்லி அனுப்பியவை: தூசி கூடாது, மண் கூடாது, செடி கூடாது, புறா கூடாது, கட்டட வேலை நடக்கும் இடத்துக்குப் பக்கத்தில் போகக் கூடாது. நுஸைபா இவற்றைச் சட்டமாக்கினார். வாசலில் இருந்த ரோஜாவும் கறிவேப்பிலையும் வேரோடு போயின. அண்டை வீட்டு மாடியில் புறா வளர்த்தவர் கூண்டோடு இடம் மாற்றப்பட்டார். என் வீட்டுக் காம்பவுண்டுச் சுவரை இடித்துக் கட்ட ஆள் வந்தது. நுஸைபா தெருவைக் கடந்து வந்து, கொத்தனாரின் கடப்பாரையைப் பிடுங்கித் தன் வீட்டுக்குள் வைத்துப் பூட்டிவிட்டார். அந்தச் சுவர் இன்றும் சாய்ந்தபடிதான் நிற்கிறது. கடப்பாரை திரும்பி வரவில்லை.

பார்க்க வந்தவர்கள் செருப்பைத் தெருவிலேயே விட்டார்கள். சோப்புப் போட்டுக் கை கழுவினார்கள். மாஸ்க் மாட்டிக்கொண்டு அறை வாசலோடு நின்றார்கள். பழம் கூடாது என்றதும் பழப் பையைத் திருப்பி எடுத்துப் போனார்கள். ஆனால் ஒரு நெல் வியாபாரியை, அதுவும் பிழைத்து வந்தவரை, வெறுங்கையோடு பார்ப்பது எப்படி? குறுவை அறுத்திருந்த நேரம். ஆளுக்கு ஒரு சின்னப் பையில் புதுநெல் கொண்டுவந்தார்கள். "பாய் கையால தொட்டுக் குடுத்தா போதும்" என்றார்கள். ஓர் ஆப்பிளைக்கூட வாசலைத் தாண்ட விடாத நுஸைபா, அந்தப் பைகளை இரண்டு கைகளாலும் வாங்கி, வீட்டுக்கு வந்த அருளாக, "பரக்கத்து" என்று சொல்லி, அண்ணன் படுத்திருந்த அறையின் பரணிலேயே அடுக்கினார். நெல்லை யார் தூசி என்று நினைப்பார்கள்? நெல்லை யார் மண் என்பார்கள்? ஐப்பசி பிறந்து மழை பிடித்துக்கொண்டது. பைகள் வாய் கட்டியபடி மேலே இருந்தன. ஆள் இல்லாத நேரத்தில் சித்தீக் பாய் ஒவ்வொன்றாக இறக்கி, தனக்கு வந்த மரியாதையை முகர்ந்து பார்த்திருக்கிறார்.

கார்த்திகையில் காய்ச்சல் வந்தது. எந்த ஊசிக்கும் இறங்கவில்லை. நெஞ்சில் குத்தல். சளியில் ரத்தம். மறுபடி சென்னை. ஸ்கேனில் வலது நுரையீரலில் ஒரு கட்டி, அதைச் சுற்றி மேகம் மாதிரி ஒரு மங்கல். குழாய் விட்டு நீர் எடுத்துப் பார்த்து, பூஞ்சை என்றார்கள். காற்றில் இருப்பதுதான், மூச்சோடு போயிருக்கிறது, ரத்தக் குழாய்களுக்குள்ளும் புகப் பார்க்கிறது என்றார்கள். வீட்டில் செடி இருக்கிறதா? இல்லை. பூந்தொட்டி? இல்லை. புறா? கட்டட வேலை? இல்லை, இல்லை. மருத்துவர் திரும்பத் திரும்பக் கேட்டார். குடும்பமே திரும்பத் திரும்பச் சத்தியம் செய்தது. அத்தனையும் உண்மை.

சித்தீக் பாயின் மனைவி கமருன்னிஸா அதிகம் பேசாதவர். மாற்றுத் துணி எடுத்துப்போக ஊருக்கு வந்த அவர் பரணிலிருந்து பெட்டியை இறக்கும்போது ஒரு நெல் பையும் சேர்ந்து விழுந்தது. "வாய் அவுந்து பொகை மாரி பறந்துச்சு தம்பி. சாம்பலும் பச்சையுமா. நான் அப்படியே தரையில உக்காந்துட்டேன்" என்று பிறகு என்னிடம் சொன்னார்.

பை விஷயத்தை ஊரில் யாரிடமும் அவர்கள் சொல்லவில்லை. நோயும் ஊருக்குப் புரியவே இல்லை. பூஞ்சை என்றால் எங்கள் ஆட்களுக்குப் படர்தாமரை. "அதுக்குப் போயா ஐசியூ? நல்ல களிம்பு ஒண்ணு இருக்கு, நான் வாங்கித் தர்றேன்" என்று நுஸைபாவிடம் போனில் சொன்னவர்களின் பெயரை அவர் இன்னும் மறக்கவில்லை. நோயாளியும் லேசுப்பட்டவர் இல்லை. மூக்கில் ஆக்ஸிஜன் குழாயோடு படுத்துக்கொண்டு, "நெஞ்சுல பூசணம் பூக்க இது என்ன ஊறுகா ஜாடியா?" என்று மருத்துவரிடமே கேட்டிருக்கிறார். மருத்துவர் சிரிக்கவில்லையாம். அந்தக் குறை அவருக்கு இன்றும் உண்டு.

பிழைத்தார். முதலில் ஊசி, பிறகு பல மாதங்கள் மாத்திரை. அந்தப் பூஞ்சை மாத்திரைக்கு ஒரு குணம் உண்டு: போட்ட கொஞ்ச நேரத்தில் கண்ணில் நிறங்கள் ஆடும். "செவுரு பூரா கதிர் முத்துன வயலு மாரி மஞ்சளா ஆடுது தம்பி. அறுக்கத்தான் ஆள் இல்ல" என்பார். வெயில் பட்டால் தோல் வெந்துவிடும் என்பதால், சமையலறையிலிருந்து கொல்லைக் குழாய் வரை போவதற்கும் குடை. வேளைக்கு மாத்திரை போட வேண்டியிருப்பதால் நோன்பும் கூடாது என்றார்கள். அதற்கு மட்டும் அவர் எதிர்த்துப் பேசவில்லை. ரமலான் முழுவதும் யாரோடும் பேசாமல் இருந்தார். தெரு அமைதியாக இருந்த ஒரே மாதம் அது.

சிகிச்சையில் கொட்டிய முடி திரும்ப முளைத்தபோது சுருட்டையாக முளைத்தது. நுஸைபாவுக்குச் சுருட்டை முடி. "பாத்தீங்களா, என் முடி" என்றார். மருந்தினால் அப்படி ஆவதுண்டு, தானம் கொடுத்தவரின் முடி வராது என்று மருத்துவர் விளக்கியும் அவர் ஏற்கவில்லை. அவருக்கு வேறு சாட்சியும் இருக்கிறது. பி பாசிட்டிவாகப் பிறந்த சித்தீக் பாய் இப்போது ஓ பாசிட்டிவ். ரத்தப் பிரிவே தங்கையின் பிரிவாக மாறிவிட்டது. இது உண்மை, பரிசோதனையிலேயே வருகிறது. அன்றிலிருந்து நுஸைபா தம் அண்ணனை, இரவல் கொடுத்த பாத்திரத்தைப் பார்ப்பதுபோலத்தான் பார்க்கிறார்: கீறல் விழுந்திருக்கிறதா, அடி பிடித்திருக்கிறதா.

நெல் வியாபாரத்தை நிறுத்தியாகிவிட்டது. ஆனால் ஆட்கள் வருவது நிற்கவில்லை. சித்தீக் பாயும் நிறுத்த விரும்பவில்லை. காசு வாங்குவதில்லை, மூக்கை மட்டும் வாடகைக்கு எடுத்துக்கொள்கிறார், மற்றவர்களுடைய மூக்கை. வந்தவரையே மோக்கச் சொல்வார். கடிக்கச் சொல்வார். "கடிச்சா 'டக்'னு கேக்கணும். உனக்கு 'நச்'னு கேக்குது. ஈரம்" என்று கண்ணாடிக்கு அந்தப் பக்கமிருந்து தீர்ப்பு வரும். மோந்தவர் சொல்கிற எந்த வார்த்தையும் அவருக்குப் போதாது. "நல்லா இருக்கு" என்றால் திட்டு. "ஒரு மாதிரி இருக்கு" என்றால் அதைவிடப் பெரிய திட்டு. "ஒரு மாதிரின்னா எந்த மாதிரி? கல்யாண வீட்டு ஒரு மாதிரியா, எழவு வீட்டு ஒரு மாதிரியா?"

என் மூக்கை அவர் ஆரம்பத்திலேயே கழித்துக் கட்டிவிட்டார். இருந்தும் விடுவதில்லை. நான் தராசும் எடைக்கருவியும் பழுது பார்க்கிறவன். நெல்லில் ஈரப்பதம் காட்டுகிற கருவியையும் சரிசெய்வேன். இந்தத் தொல்லைக்கு முடிவு கட்டலாம் என்று ஒரு கருவியைத் துடைத்து, அளவு சரிபார்த்து, அவர் வாசலில் கொண்டுபோய் வைத்தேன். வருகிறவர்கள் நெல்லைப் போட்டால் எண் வரும், அவர் கண்ணாடி வழியாகப் படித்துக்கொள்ளலாம். ஒரு வாரம் மரியாதைக்காகப் படித்தார். பிறகு என்னைக் கூப்பிட்டார்.

"தம்பி, உங்க மிஷினு நல்ல மிஷினு. ஈரத்தச் சரியாச் சொல்லுது. ஆனா ஈரமா இருக்குற நெல்லு நல்லவனா கெட்டவனான்னு அதுக்குத் தெரியல."

"அது கருவி வேலை இல்லை பாய்."

"அதத்தான் சொல்றேன். எடுத்துட்டுப் போயிடுங்க. ஜனங்க அத நம்பிட்டு மோக்க மாட்டேங்குறாங்க."

மோக்கத் தெரியாத மூக்குகளை அவர் பொறுத்துக்கொள்கிற விதமும் ஓர் அளவுக்குத்தான். அளவு தாண்டினால் ஜன்னலைத் திறந்துவிடுவார். இந்த வருடம் தை மாதத்தில் தோல் மறுபடி மோசமாகி, மாத்திரையைக் கூட்டியிருந்தார்கள். இந்த இரண்டு மாதமும் மிகவும் ஜாக்கிரதையாக இருக்க வேண்டும், இன்னொரு முறை நெஞ்சில் பூஞ்சை வந்தால் தன்னால் ஆகக்கூடியது அதிகம் இல்லை என்று மருத்துவர் நுஸைபாவைத் தனியாக அழைத்துச் சொல்லியிருந்தார். நுஸைபா அதைத் தனியாக வைத்துக்கொள்ளவில்லை. அதே வாரத்தில் ஒருநாள் அண்ணனின் மாஸ்க்கை வாங்கிக் குப்பையில் போடப் போனவர், வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்தார்.

"அண்ணே, இதுக்குள்ள உமி எப்புடி வந்துச்சு?"

"காத்துல வந்திருக்கும்."

"காத்து மாஸ்க்க கழட்டிட்டு, திரும்ப மாட்டிவிட்டுட்டுப் போச்சோ?"

"ஒரே ஒரு நெல்லு நுஸைபா. கடிச்சுத்தான் பாத்தேன், மோக்கல."

"கடிக்கையில மூக்க எங்க வெச்சிருந்தீங்க? பாக்கெட்லயா?"

அன்று நடந்த சண்டையில் கமருன்னிஸா ஒரே ஒரு வாக்கியம் பேசினார்: "ரெண்டு பேருக்கும் ஒரே ரத்தம், அதான் கத்தறீங்க." இருவரும் சேர்ந்து அவரைத் திட்டினார்கள்.

தை கடைசியில் மழை பெய்தது. வரக் கூடாத மழை. சம்பா அறுத்துக் களத்திலும் சாலையோரத்திலும் கொட்டி வைத்திருந்த நேரம். கொள்முதல் நிலையத்தில் வரிசை நீண்டுகொண்டே போனது. குடமுருட்டி ஆற்றுப் பாலத்துக்கு அப்பால் சாலையின் இரண்டு ஓரங்களிலும் நீலத் தார்ப்பாய்கள். செவ்வந்தியின் குவியலும் அதில் ஒன்று. குத்தகை நிலத்து நெல். கணவர் திருப்பூரில் வேலை செய்கிறார். நட்டது, களை எடுத்தது, அறுக்க மெஷின் பிடித்தது எல்லாம் செவ்வந்தி. மழை விட்ட மறுநாள்தான் அவர் ஜன்னலுக்கு வெளியே ஒரு பிடி நெல்லோடு நின்றார். ஒரு பக்கம் தண்ணீர் இறங்கிச் சூடேறியிருக்கிறது போலிருந்தது; எதுவரை என்று தெரியவில்லை. கெட்டதைப் பிரித்துத் தள்ளினால் மிச்சத்தைக் காப்பாற்றலாம். கலந்து போட்டால் மொத்தமும் திரும்பி வரும்.

மோந்த கதையைத்தான் ஆரம்பத்தில் சொன்னேன். நானும் போய் மோந்தேன். "கொஞ்சம் புளிப்பு மாதிரி..." என்று இழுத்தேன். சித்தீக் பாய் என்னை முடிக்கவே விடவில்லை. உள்ளே போய்ச் சட்டையை மாட்டிக்கொண்டு கிளம்பி வந்தார்.

நுஸைபா வாசற்கதவில் இரண்டு கைகளையும் ஊன்றி நின்றார்.

"எங்க?"

"குவியலப் பாக்கணும். கையில கொண்டாந்த நெல்லு மேல் நெல்லு. அத வெச்சு ஒண்ணும் சொல்ல முடியாது."

"போங்க. ஆனா போறதா இருந்தா என் ரத்தத்த இங்க எறக்கி வெச்சுட்டுப் போங்க."

"எடுத்துக்க. ஒரு பக்கெட் கொண்டா."

"அண்ணே!"

"நுஸைபா, நான் பொழச்சுக் கெடக்குறது எதுக்கு? இந்தக் கண்ணாடிக்குள்ள மீன் மாரி வாயத் தொறந்து தொறந்து மூடவா?"

நுஸைபாவிடம் அதற்குப் பதில் இருந்திருக்கும். அவரிடம் எல்லாவற்றுக்கும் இருக்கும். ஆனால் செவ்வந்தி வாசலில் நின்றுகொண்டிருந்தார். கடைசியில் ஒரு சமாதானம் ஆனது. நுஸைபாவே கார் ஓட்டுவார். கண்ணாடி இறக்கக் கூடாது. மாஸ்க்குக்கு மேல் மாஸ்க். தூரத்திலிருந்து பார்த்துவிட்டுத் திரும்பிவிட வேண்டும். நடுவராக நான் பின்சீட்டில். செவ்வந்தி தம்முடைய வண்டியில் முன்னால் போனார்.

போகிற வழியெல்லாம் சித்தீக் பாய் கண்ணாடிக்கு உள்ளிருந்தே கையை நீட்டி நீட்டிக் காட்டிக்கொண்டு வந்தார். "அந்தக் குவியல் தப்பிச்சிரும், மேட்டுல இருக்கு. இது தேறாது. அடேய், தார்ப்பாய இறுக்கிக் கட்டிட்டானே, உள்ள வேகுமே, யாருது இது?" கண்ணாடி சாத்தியிருந்தது. யாருக்கும் கேட்டிருக்காது. பாலம் தாண்டி வண்டி நிற்பதற்கு முன்பே கதவைத் திறந்து இறங்கிவிட்டார். தூரத்திலிருந்து பார்ப்பது என்ற பேச்சு அங்கேயே முடிந்தது.

"எந்தப் பக்கம் சூடு?"

"மேல கைய வெச்சா எல்லாம் ஒண்ணுபோலத்தான் இருக்கு பாய்."

"மேல வெச்சாத் தெரியாது. தார்ப்பாயத் தூக்கு."

செவ்வந்தி குனிந்து, தார்ப்பாய் ஓரத்தில் பாரத்துக்கு வைத்திருந்த செங்கல்லை எடுத்தார். சித்தீக் பாய் அதற்குள் சட்டைக் கையை முழங்கைக்கு மேல் சுருட்டிவிட்டார். நுஸைபா அவரிடம் பேசவில்லை. செவ்வந்தியிடம் பேசினார்.

"செவ்வந்தி, நில்லு. இவருக்கு நெஞ்சுல வந்துச்சே, அது எதுலேருந்து வந்துச்சுன்னு தெரியுமா ஒனக்கு?"

"கேன்சருன்னுதானே சொன்னாங்க..."

"அது தீந்துபோச்சு. அதுக்கப்பறம் ஒண்ணு வந்துச்சு. நெல்லுலேருந்து வந்துச்சு. பூசணம் புடிச்ச நெல்லு. பாக்க வந்தவங்க ஆளுக்கு ஒரு பை கொண்டாந்தீங்களே, அது."

செவ்வந்தி கையில் செங்கல்லோடு நிமிர்ந்தார். "என் மஞ்சப் பையுமா?"

"அதுவும் அந்தப் பரண்லதான் இருந்துச்சு. நான்தான் வாங்கி வெச்சேன்."

"நுஸைபா, வாய மூடு!" சித்தீக் பாய் போட்ட சத்தத்தில் பக்கத்துக் குவியல்காரர்கள் திரும்பிப் பார்த்தார்கள். "எந்தப் பையிலேருந்து வந்துச்சுன்னு எவனுக்குத் தெரியும்? மரியாதையா கொண்டாந்து குடுத்த புள்ளைய நிக்க வெச்சு... செவ்வந்தி, அவ பேச்ச விடு. நீ தூக்கு."

செவ்வந்தி செங்கல்லைப் பழைய இடத்தில் வைத்தார். தார்ப்பாய் ஓரத்தை மிதித்துக்கொண்டு அதன்மேல் ஏறி நின்றார்.

"நீங்க போங்க பாய்."

"என்னம்மா நீ. உள்ள நெல்லு வெந்துக்கிட்டிருக்கு. இன்னிக்கித் தொறக்கலேன்னா நாளைக்கி மாடுகூடத் திங்காது."

"திங்க வேணாம்."

"பைத்தியமா ஒனக்கு? ஒரு போகம் பூரா இதுக்குள்ள கெடக்கு!"

"என் நெல்லு. நான் கொட்டுவேன், அள்ளுவேன், ஆத்துல விடுவேன். நீங்க இங்க நிக்கிற வரைக்கும் தொறக்க மாட்டேன்."

செவ்வந்தி தலைப்பால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். கால் மட்டும் தார்ப்பாயிலிருந்து நகரவில்லை. சித்தீக் பாய் தங்கையைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். நாங்கள் யாரும் உதவிக்கு வருகிற மாதிரி இல்லை. தார்ப்பாயின் அடியிலிருந்து, மூடி வைத்த சோற்றுப் பானையிலிருந்து வருவதுபோல, மெல்லிய வெக்கை வந்துகொண்டிருந்தது. அது எனக்கே தெரிந்தது என்றால் அவருக்கு எப்படித் தெரிந்திருக்கும்.

ஓரடி பின்னால் வைத்தார். "இங்க நின்னாப் போதுமா?"

"இன்னும்."

"இங்க?"

"காத்து ஒங்க பக்கம்தான் அடிக்குது. அந்தாண்ட சுத்திப் போயி நில்லுங்க. பாலத்துக்கிட்ட."

"அங்கேருந்து எனக்கு என்னம்மா தெரியும்?"

"எனக்கும் ஒண்ணும் தெரியாது பாய். போங்க."

அவர் முணுமுணுத்துக்கொண்டே சாலையைச் சுற்றி நடந்தார். செவ்வந்திக்கு மூளை இல்லை, நுஸைபாவுக்கு நாக்கு நீளம், எனக்கு முதுகெலும்பு இல்லை என்பது அந்த முணுமுணுப்பின் சுருக்கம். பாலத்தின் கைப்பிடிச் சுவரருகே போய்த் திரும்பி நின்றார். நான் அவருக்குப் பின்னால் நின்றேன். திரும்ப ஓடினால் பிடிப்பதற்கு.

செவ்வந்தி ஒரு முனையையும் நுஸைபா மறுமுனையையும் பிடித்துத் தார்ப்பாயைத் தூக்கினார்கள். ஆவி எழுந்தது. ஆவியோடு சாம்பல் நிறத்தில் லேசாக ஒரு தூசியும் கிளம்பி, காற்றில் சாய்ந்து, எங்களுக்கு எதிர்ப்பக்கம் வயலை நோக்கிப் போனது. நுஸைபா மாஸ்க்கைச் சரிசெய்தார். புடவைத் தலைப்பை இழுத்துச் செருகிக்கொண்டு, வாழ்நாளில் நெல்லைக் கையால் அளைந்திராத அந்த அம்மாள், குவியலின் பக்கவாட்டில் கையை நுழைத்தார். மணிக்கட்டு வரை போயிற்று.

"உள்ள விடு" என்றார் சித்தீக் பாய். கத்தவில்லை; தமக்குத்தாமே சொன்னார். "இன்னும் உள்ள. வயித்துல இருக்குறத எடு."

நுஸைபா முழங்கை வரை செலுத்தினார். எடுத்த பிடியைச் செவ்வந்தியிடம் காட்டினார். செவ்வந்தி ஊதினார், மோந்தார், தலையை ஆட்டினார். நுஸைபா ஏதோ சொன்னார், செவ்வந்தி மறுத்தார். இருவரும் நகர்ந்து இன்னோர் இடத்தில் கையை விட்டார்கள். என்ன பேசுகிறார்கள் என்று கேட்கவில்லை; காற்று எங்களிடமிருந்து அவர்கள் பக்கம் போய்க்கொண்டிருந்தது. செவ்வந்தி காலால் குவியலின் நடுவே ஒரு கோடு கிழித்தார். யோசித்து, அதை அழித்துவிட்டு, கொஞ்சம் தள்ளி இன்னொரு கோடு கிழித்தார்.

சித்தீக் பாய் அசையாமல் நின்றார். முதுகுக்குப் பின்னால் அவருடைய இடது கை, வலது மணிக்கட்டை நகம் வெளுக்க இறுக்கிப் பிடித்திருந்தது. பிடிபட்ட கையின் விரல்கள் விரிந்து விரிந்து மூடிக்கொண்டிருந்தன.